வண்டியைப் புரட்டிய ராட்டினம்

'தாங்கல்' என்பது மழைநீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரிக்கு நம் முன்னோர் இட்ட பெயர். சென்னைக்கு மேற்கே, பரங்கிமலையிலிருந்து பூவிருந்தவல்லிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், போரூரைக் கடந்ததும் வருகின்ற ஐயப்பன்தாங்கலும் அப்பெயரைத் தாங்கிய ஊரே. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகளும், மாநகரப் பேருந்து நிலையமும், மெட்ரோ இரயிலுக்கென எழுந்த பெருந்தூண்களுமே கண்ணில் படுகின்றன. ஆயினும் வானம் பொத்துக்கொண்டு பெய்யும் ஆண்டுகளில், தண்ணீர் தன் பழைய முகவரியை மறப்பதில்லை. 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சென்னையைச் சூழ்ந்த பெருவெள்ளத்தின்போது, அங்குள்ள நம் தமையனார் வீட்டுக் கொட்டகையிலும் முழங்காலளவு தண்ணீர் மூன்று நாட்கள் நின்றது. அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது நம் தந்தையாரின் பியட் கார்.

கார் என்று சொன்னதும் வாசகர்கள் நம்மைச் செல்வர் வீட்டுப் பிள்ளையாக எண்ணிவிட வேண்டாம். தந்தையார் வாடகைக் கார் ஓட்டியவர். 1982-ஆம் ஆண்டு வங்கிக் கடனில் அவர் வாங்கிய வண்டி அது. பம்பாய் பிரீமியர் நிறுவனத்தார், இத்தாலி நாட்டுப் பியட் கம்பெனியின் 1100 வகை வண்டியை நம் நாட்டிலே செய்து, பின்னர் அதற்குப் 'பிரீமியர் பத்மினி' எனப் பெயர் சூட்டியிருந்தனர். சித்தோர்க்கோட்டை அரசி பத்மினியின் பெயர் அது. நம் தெருவாரோ நடிகை பத்மினியின் பெயரென்றே முடிவு கட்டியிருந்தனர். தந்தையாரும் அதை மறுத்ததில்லை. அந்த வண்டியின் வருமானத்தில்தான் நாங்கள் நால்வரும் உண்டோம், உடுத்தோம், படித்தோம். நாம் குருமடத்திற்குச் சென்ற நாளிலும் தகரப்பெட்டியோடு நம்மைச் சுமந்து சென்றது அவ்வண்டியே. முதுமை வந்தபோது தந்தையார் அதைச் சொந்த வண்டியாகப் பதிவு மாற்றி, கொட்டகையில் நிறுத்தி, வாரந்தோறும் துடைத்து வைத்தார். 2011-இல் அவர் மறைந்தபின், துடைப்பதற்கு ஆளில்லை.

துருவின் வேலை

வெள்ளம் வடிந்தது. வண்டியின் மேற்புறத்தைக் கழுவினோம், பழையபடி பளபளத்தது. எல்லாம் சரியாயிற்று என்று இருந்துவிட்டோம். அங்கேதான் பிழை செய்தோம். துரு கண்ணுக்குத் தெரிகின்ற இடத்தில் தொடங்குவதில்லை. இரும்பும், நீரும், காற்றிலுள்ள பிராணவாயுவும் ஒருங்கே அமைந்த மறைவிடமே அதற்குப் பிறப்பிடம். காரின் கால்மிதிக்குக் கீழே நெடுக ஓடும் பெட்டி போன்ற உள்வெளிகளில் வெள்ளத்தின் சேறு புகுந்துவிட்டது. உள்ளே வரும் நீர் வெளியேறுவதற்கென்று விடப்பட்டிருந்த சிறு துளைகளையும் அச்சேறே அடைத்தது. விரிப்பின் கீழிருந்த கம்பளித் துண்டு ஈரத்தைப் பஞ்சுபோல் பிடித்துக்கொண்டது. ஆண்டுகள் சில சென்றபின், ஒருநாள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து காலை ஊன்றினோம். பாதம் தகட்டைத் துளைத்துக்கொண்டு தரையைத் தொட்டது!

பழைய இரும்புக் கடைக்காரர் வந்து பார்த்தார். எடைக்கு விலை சொன்னார். தமையனாருக்குச் சம்மதமே. கொட்டகையில் இடம் வேண்டியிருந்தது. எண்பதைக் கடந்த அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்காரர் சென்றபின் மட்டும், "உங்கப்பா இருந்திருந்தா, அவரு கையால கழட்டிக் குடுத்திருப்பாரு" என்றார். அதன் பொருள் 'விற்கலாம்' என்பதா, 'விற்க வேண்டாம்' என்பதா என்று நாமும் தமையனாரும் இன்றுவரை வழக்காடுகிறோம். நாம் 'விற்க வேண்டாம்' என்றே கொண்டோம்.

அவ்வூரிலேயே, நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் ஒரு குறுந்தெருவில், டிங்கர் பட்டறை ஒன்று உண்டு. பட்டறைக்காரர் அறுபத்து மூன்று வயதினர். பதினைந்தாம் வயதில் சுத்தியலைப் பிடித்தவர். அவரை 'மேஸ்திரி' என்றே இங்குக் குறிப்போம். வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்தார், திருப்புளியால் அடித்தகட்டை இரண்டு இடத்தில் குத்தினார். இரண்டு இடத்திலும் அது உள்ளே போயிற்று.

"சாமி, இந்த வண்டிக்குத் தரையே கிடையாது. முழுசா வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வைக்கணும். படுத்துக்கிட்டுத்தான் செய்யணும். என் கண்ணு இனிமே அதுக்கு ஒத்துக்காது."

அவருடைய வலக்கண்ணில் பார்வை பாதிக்கு மேல் இல்லை என்பதை அப்போதுதான் அறிந்தோம். இளமையில், லாரியொன்றின் அடியில் மல்லாந்து படுத்துத் துரு சுரண்டியபோது, இரும்புத் துணுக்கு ஒன்று விழியில் விழுந்துவிட்டதாம். கண்ணாடி அணியும் வழக்கம் அந்நாளில் அங்கே எவருக்கும் இல்லை. அது மட்டுமா? நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஈரத் தரையில் சாக்கை விரித்துப் படுத்து வேலை செய்த முதுகு, இப்போது காலையில் எழுவதற்கே கால்மணி நேரம் கேட்கிறது. ஐ.டி.ஐ.-இல் வெல்டிங் பயிலும் பத்தொன்பது வயதுப் பேரன் விடுமுறை நாட்களில் உதவிக்கு வருவான். "இவன் தொழில் கத்துக்கட்டும், ஆனா என்னை மாதிரி வண்டிக்கு அடியில படுக்க வேண்டாம்" என்றார் மேஸ்திரி.

ஏன் புரட்ட வேண்டும்?

இங்கே வண்டியின் அமைப்பைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். பழைய கார்கள் சிலவற்றில், அடியிலே தனியாக ஓர் இரும்புச் சட்டமும் அதன்மேல் உடற்கூடும் இருக்கும். சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு நிறுவனத்தார் 1961 முதல் செய்த 'ஹெரால்டு' அவ்வகையினது. அதில் உடற்கூட்டைக் கழற்றித் தனியே எடுத்து வைக்கலாம். பத்மினியோ, அம்பாசடரோ அப்படியல்ல. அவற்றில் தரை, பக்கம், கூரை யாவும் ஒன்றாக இணைந்த தகட்டுக் கூடே வண்டியின் வலிமை. முட்டை ஓட்டுக்கு உள்ளே எலும்பு இல்லையன்றோ? அதுபோலவே. ஆகையால் இத்தகைய வண்டியின் தரை துருப்பிடித்தால், இழப்பது கால் வைக்கும் இடத்தை மட்டுமன்று, முதுகெலும்பையே இழக்கிறோம்.

அடித்தளத்தில் பற்றவைக்க இரண்டே வழிகள். ஒன்று, வண்டி மேலே, ஆள் கீழே. உருகிய இரும்பு பூமியின் ஈர்ப்பால் கீழ்நோக்கியே விழும். விழுமிடத்தில் மனிதனின் முகமும் கழுத்தும் இருக்கும். பற்றும் சரியாக அமையாது. மற்றொன்று, அடிப்பாகத்தையே மேலே கொணர்வது. அப்போது உருகிய இரும்பு இணைப்பிலேயே தேங்கி உறையும். கண்ணுக்கும் தெரியும், கைக்கும் எட்டும். நம் சாலையோரங்களில் ஆட்டோ ரிக்சாவைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துப் பழுது பார்ப்பதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். அதன் தத்துவமும் இதுவே. கார்க்கூட்டையும் சில பட்டறைகளில் பழைய டயர்களின் மேல் சாய்ப்பதுண்டு. ஆனால் அதில் ஒருபக்கத் தகடு நசுங்கும். ஒவ்வொரு முறை திருப்பவும் ஆறு பேர் வேண்டும். சறுக்கினால் அடியில் இருப்பவர் பிழைப்பது அரிது.

மேனாடுகளில் பழைய கார்களைப் புதுப்பிப்போர் இதற்கென ஒரு சாதனம் செய்துகொள்கின்றனர். முன்னொரு தாங்கி, பின்னொரு தாங்கி, இடையே கார்க்கூடு, இரு முனையிலும் அச்சு. வேண்டிய கோணத்தில் சுழற்றி நிறுத்திக்கொள்ளலாம். இறைச்சியைக் கம்பியில் கோத்து நெருப்பின்முன் சுழற்றும் கருவியின் பெயரையே அதற்கும் வைத்து 'ரோட்டிசரி' என்கின்றனர். பெரிய கார்த் தொழிற்சாலைகள் சிலவற்றில் புதிய உடற்கூட்டை வண்ணத் தொட்டிக்குள் முழுச்சுற்றாகப் புரட்டி எடுக்கும் முறையும் உண்டு. காற்றுக்குமிழி எதுவும் மூலையில் தங்கிவிடாமல், துருத்தடுப்புப் பூச்சு எல்லா இடுக்கிலும் சேர்வதற்காக. இதையெல்லாம் மேஸ்திரியிடம் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினோம். அவர் நெடுநேரம் பார்த்தார். பேரன்தான் முதலில் பேசினான்: "தாத்தா, இது நம்ம மெயின் ரோடு கடையில கோழி சுத்துற கம்பிதான்!"

மேஸ்திரி சிரித்தார். "செஞ்சிடலாம் சாமி" என்றார்.

ராட்டினம் உருவாயிற்று

மேற்குச் சென்னை இரும்பறிந்த பூமி. 1960-களின் தொடக்கத்திலே பாடியில் சக்கரமும் பிரேக்கும் மின்கருவியும் செய்யும் ஆலைகள் எழுந்தன. ஆவடியிலோ 1965-இல் 'விஜயந்தா' டாங்கியே உருவாகி வெளிவந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைச் சுற்றி லேத்துப் பட்டறைகள் தெருவுக்குத் தெரு உள்ளன. ஆகவே பொருளுக்குப் பஞ்சமில்லை. திங்கட்கிழமைகள் நமக்குச் சிறிது ஓய்வு கிடைக்கும் நாட்கள். அவற்றை இதற்கென ஒதுக்கினோம்.

தாங்கிகளுக்கு, இடிக்கப்பட்ட ஒரு கூடத்தின் இரும்புச் சேனல்கள் பழைய இரும்புக் கடையில் கிடைத்தன. தரையில் அகலமாகக் கால் பரப்பி, மேலே குறுகும் முக்கோண வடிவில் இரண்டு தாங்கிகள் செய்தோம். கவிழாதிருக்க இரண்டையும் தரைமட்டத்தில் ஒரு நெடுஞ்சட்டத்தால் இணைத்தோம். எவ்வளவு உயரம் வைப்பது? பத்மினியின் அகலம் ஏறத்தாழ 1.46 மீட்டர், சக்கரங்கள் நீங்கலாக உடற்கூட்டின் உயரம் 1.3 மீட்டர் அளவே. ஆனால் சுழலும்போது தரையைத் தொடப்போவது அகலமோ உயரமோ அன்று. அச்சிலிருந்து மிகத் தொலைவிலுள்ள மூலை. பள்ளிக்கூடத்தில் பயின்ற செங்கோண முக்கோணக் கணக்கை நெடுநாட்களுக்குப் பின் போட்டுப் பார்த்தோம். ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வந்தது. ஆகவே அச்சை மூன்றே முக்கால் அடி உயரத்தில் வைத்தோம்.

அச்சுக்கு மேஸ்திரி கண்ட வழி எளியது. மூன்றங்குலக் குழாயினுள் இரண்டரை அங்குலக் குழாய் சிறிதே ஆட்டத்துடன் நுழைகிறது. இடையே கிரீஸ் தடவினால் போதும், பேரிங் வேண்டாம். தண்ணீர்க் குழாயாகப் பயன்படும் ஜி.ஐ. குழாய் மலிவாகக் கிடைத்தது, நாம் எடுத்துவிட்டோம். மேஸ்திரி அதைத் திருப்பித் தரச் சொன்னார். அதன்மேல் பூசிய துத்தநாகம் பற்றவைக்கும் சூட்டில் புகையாகும். அப்புகையை உட்கொண்டவர் இரவில் குளிர்காய்ச்சல் கண்டு நடுங்குவார். "ஒரு தரம் நான் பட்டுட்டேன்" என்றார். பூச்சில்லாத கருப்புக் குழாயே வாங்கினோம்.

சுழன்ற கூட்டை நிறுத்துவதற்கு, ஓரடி விட்டமுள்ள கனத்த வட்டத்தகடு ஒன்றை உட்குழாயில் பொருத்தி, அதன் விளிம்பில் பன்னிரண்டு துளைகள் இட்டோம். தாங்கியிலுள்ள துளையும் தகட்டின் துளையும் நேர்ப்படும்போது ஊசி போன்ற பெரிய போல்ட்டைச் செருகினால், முப்பது முப்பது பாகையாக எந்த நிலையிலும் நிற்கும். பன்னிரண்டு துளைகளைச் சமமாகக் குறிப்பது எப்படியென்று லேத்துக்காரர் யோசித்தபோது, நாம் கவராயத்தை எடுத்தோம். வட்டத்தின் ஆரத்தையே அளவாகக் கொண்டு சுற்றி வந்தால் வட்டம் ஆறாகப் பிரியும்; ஒவ்வொன்றையும் பாதியாக்கினால் பன்னிரண்டு. இம்முயற்சி முழுவதிலும் நாம் உருப்படியாகச் செய்தது அது ஒன்றே.

கூட்டைத் தொங்கவிடுமுன் மேஸ்திரி மிகுந்த கவனம் எடுத்துக்கொண்டார். எஞ்சின், கியர்ப் பெட்டி, பெட்ரோல் தொட்டி, கதவு, கண்ணாடி யாவும் கழற்றப்பட்டன. தரை உளுத்த கூட்டை அப்படியே இரு முனையில் பிடித்துத் தூக்கினால் நடுவில் தொய்ந்துவிடும். பிறகு எக்காலத்திலும் கதவு பொருந்தாது. ஆகவே கதவு வாயில்களின் குறுக்கே ஆங்கிள் இரும்பைப் பற்றவைத்தார். ஒவ்வொரு வாயிலிலும் மூலைக்கு மூலை அளந்து, அந்த எண்களைச் சுவரில் சாக்கட்டியால் எழுதி வைத்தார். பம்பர் பிடித்திருந்த இடங்களில் முன்னும் பின்னும் இரும்புத் தாங்குகைகளை முடுக்கினோம். அத்தாங்குகைகள் அச்சோடு சேருமிடத்தில், ஓரங்குல இடைவெளியில் ஏழு துளைகள். அச்சு, கூட்டின் எந்த உயரத்தில் அமையவேண்டும் என்பதை மாற்றிக்கொள்வதற்காக அவை.

அந்த ஏழு துளைகளில்தான் நம் பாடம் இருந்தது.

எடையின் நடு

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எத்தனை முறை சாய்த்தாலும் நிமிர்ந்துகொள்ளும். அதன் எடை முழுவதும் அடியில் இருப்பதே காரணம். கார்க்கூட்டிற்கும் எடையின் நடு என ஒன்று உண்டு. அச்சு அந்த நடுவுக்கு மிக மேலே அமைந்தால், கூடு தலையாட்டிப் பொம்மையாகிவிடும். புரட்டப் பெரும்பாடுபட வேண்டும். அச்சு நடுவுக்குக் கீழே அமைந்தாலோ, கூடு தானாகவே தலைகீழாய்ப் புரண்டுவிடும். நடுவுக்குச் சற்றே மேலே அமைந்தால், ஒரு சிறுவன் கூட ஒரு கையால் சுழற்றலாம். விட்டால் மெல்ல நிமிரும்.

முதலில் இரண்டாம் துளையில் மாட்டினோம்; முரண்டு பிடித்தது. மூன்றாவதும் அப்படியே. நான்காம் துளையில் மாட்டி, மேஸ்திரி ஒற்றைக் கையால் தள்ளினார். இருநூறு கிலோவுக்கும் மேற்பட்ட அந்தக் கூடு, ஓசையின்றி, கோயில் மணிபோல் அசைந்து பக்கவாட்டில் திரும்பி நின்றது. நாற்பது ஆண்டுகளாக வெளிச்சமே காணாத வண்டியின் அடிவயிற்றில் மாலை வெயில் விழுந்தது. தெருப்பிள்ளைகள் வாயிலில் கூடிவிட்டனர். அவர்கள்தாம் அதற்குக் 'கார் ராட்டினம்' எனப் பெயரிட்டனர்.

தாரும் சேறும் சுரண்டப்பட்டன. உளுத்த தகட்டை மேஸ்திரியும் பேரனும் நின்றபடியே வெட்டி எடுத்தனர். இரண்டு வாரங்களில் தரை முழுவதும் போய்விட்டது.

ஒரு திங்கட்கிழமை

அன்று மேஸ்திரி தேநீர் அருந்தச் சென்றிருந்தார். கூடு பக்கவாட்டில், ஊசி செருகி, நின்றிருந்தது. அதை நிமிர்த்திப் பார்க்கவேண்டும் என்னும் ஆவல் நமக்கு. "மேஸ்திரி வரட்டும் ஃபாதர்" என்றான் தம்பி. "இத்தனை நாள் பார்த்த வேலைதானே? நீ அந்தப் பக்கம் பிடித்துக்கொள்" என்றோம். அவன் மறுக்கவில்லை. நம்மை மறுத்துப் பேசும் வழக்கம் அவனுக்கு இல்லை. அதை நாம் அறிந்தே இருந்தோம்.

ஊசியை உருவினால், தரைப்பக்கம் மெல்லக் கீழிறங்கும் என்பது நாம் கண்ட பழக்கம். ஆகவே தம்பி தரைப்பக்கத்தில் நின்று, இறங்கும் பாரத்தைத் தாங்குவதற்காக விளிம்பை மேல்நோக்கி ஏந்தியிருந்தான். ஊசியை உருவினோம். தரைப்பக்கம் இறங்கவில்லை, வெடுக்கென்று மேலே எழுந்தது! அவன் ஏந்திய வேகமும் அதனோடு சேர்ந்தது. கூரை கீழே வர, கூடு ஒரே வீச்சில் தலைகீழாய்ச் சுழன்றது. வெட்டிய தகட்டின் கூர்விளிம்பு அவன் முன்கையைக் கிழித்துக்கொண்டு போயிற்று.

நடந்தது யாதென்பதை இப்போது விளங்கச் சொல்ல முடிகிறது. தரைத்தகட்டை வெட்டி எடுத்தோமல்லவா? அடியிலிருந்த பாரம் போயிற்று. பாரம் போகவே எடையின் நடு மேலேறி, அச்சையும் கடந்துவிட்டது. நான்காம் துளை முன்னொரு வண்டிக்குச் சரியான துளை. இப்போது இருப்பது வேறொரு வண்டி. வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. மேஸ்திரிக்கு அது தெரிந்திருந்தது. கூட்டை மறுமுறை திருப்புமுன் துளை மாற்றவேண்டும் என்றே அவர் எண்ணியிருந்தார். நாம் அவரைக் கேட்கவில்லை.

மருத்துவமனையில் ஏழு தையல் போட்டார்கள். தனுர்வாத ஊசியும் போட்டார்கள். நரம்புக்குச் சேதமில்லை, விரல்கள் யாவும் அசைகின்றன என்று மருத்துவர் சொல்லும்வரை நாம் தாழ்வாரத்தில் நின்ற அந்த ஒன்றரை மணி நேரத்தை விவரிக்க விரும்பவில்லை. வெல்டிங் பயிலும் பையனுக்குக் கைதான் முதல். தன் பேரன் தன்னைப்போல் ஊனமுறக் கூடாது என்பதற்காகவே அந்த முதியவர் ராட்டினத்திற்கு இசைந்தார். அதை வைத்தே, அவர் இல்லாத கால்மணி நேரத்தில், அவன் கையை நாம் இழக்கச் செய்ய இருந்தோம்.

மேஸ்திரி வந்தார். பையனின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தார். நாம் அவர் கைகளைப் பற்றிக்கொண்டு, "பிழை எம்முடையது, பையன் தடுத்தான், நாம் கேட்கவில்லை. மன்னியுங்கள்" என்றோம். அவர் உடனே விடை கூறவில்லை. நம்மை மன்னிப்பது எளிது என்று நாம் எண்ணும்படி அவர் விடவும் இல்லை. நெடுநேரம் சென்றபின், "நீங்க சொன்னா அவன் செய்வான் சாமி. அதனால நீங்கதான் யோசிச்சுச் சொல்லணும்" என்றார். முப்பதாண்டு காலமாகப் பிறருக்குச் சொல்லியே பழகிய நமக்கு, இவ்வளவு குறைந்த சொற்களில் எவரும் இப்படிச் சொன்னதில்லை.

அடுத்த இரண்டு திங்கட்கிழமைகள் நாம் பட்டறைப் பக்கமே செல்லவில்லை. மூன்றாம் வாரம் மேஸ்திரியே தொலைபேசியில் அழைத்தார்: "வண்டி அப்படியே தொங்குது. எப்ப வர்றீங்க?"

முக்காலி

சென்றபோது ராட்டினத்தில் மாற்றங்கள் இருந்தன. ஊசி முன்தாங்கியில் மட்டுமன்றி, பின்தாங்கியிலும் செருகப்பட்டிருந்தது. இரண்டையும் உருவ இருவர் வேண்டும்; ஒருவர் அவசரப்பட்டால் மற்றவர் தடுக்கலாம். கூட்டின் இருபுறமும் தடித்த கயிறு கட்டி, ஊசியை உருவுமுன் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடும் செய்திருந்தார். அச்சு நான்காம் துளையிலிருந்து ஆறாம் துளைக்கு மாறியிருந்தது. வெட்டிய விளிம்புகள் யாவற்றையும் பழைய ரப்பர்க் குழாயைப் பிளந்து மூடியிருந்தார். கட்டுப்போட்ட கையோடு அங்கிருந்த தம்பி, முன்தாங்கியின்மேல் சிவப்பு ரெட் ஆக்சைடு வண்ணத்தால் இப்படி எழுதியிருந்தான்: 'எடை மாறினால் நடு மாறும்.'

வேலை மீண்டும் தொடங்கிற்று. 18 கேஜ் தகட்டை மேஸ்திரி தட்டி வளைத்துத் தரை செய்தார். தகடு சூட்டில் நெளியாதிருக்க, ஒரே கோடாகப் பற்றவைக்காமல், இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி என இடம் மாற்றி மாற்றி வைத்தார். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் கதவு வாயில்களை அளந்து, சுவரில் எழுதிய எண்களோடு ஒப்பிட்டார். ஓர் இழை கூட மாறவில்லை. புதிய தகடு ஏற ஏற எடையின் நடுவும் கீழிறங்கிற்று. ஆறாம் துளை ஐந்தாயிற்று. ஐந்து மீண்டும் நான்காயிற்று. இம்முறை ஒவ்வொரு மாற்றத்திற்கு முன்னும் நாம் கேட்டோம். அவர் தலையசைத்த பின்னரே ஊசியைத் தொட்டோம்.

ஒருநாள் பிற்பகல் சென்றபோது கண்ட காட்சி நம் நெஞ்சில் நிற்கிறது. கூடு பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அதன் தரை ஒரு சுவர்போல் நிமிர்ந்து நின்றது. அதன்முன் ஒரு முக்காலியைப் போட்டு, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் முகத்திற்கு மறைப்பும் அணிந்து, முதுகு நேராக அமர்ந்து மேஸ்திரி பற்றவைத்துக்கொண்டிருந்தார். தீப்பொறிகள் அவர் முகத்தில் விழவில்லை. காலுக்கு அப்பால் தரையில் விழுந்து அணைந்தன. நம்மைக் கண்டு முகமறைப்பை உயர்த்தினார்.

"நாற்பத்தெட்டு வருசத்துல, வண்டித் தரையை உட்கார்ந்துகிட்டுச் செய்யிறது இதுதான் முதல் தடவை சாமி."

அதில் பெருமையும் இருந்தது. சொல்லாத துயரமும் இருந்தது. இந்த இரும்புகள் நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பும் கிடைத்தவையே. குழாய்க்குள் குழாய் செருகும் வித்தை ஒன்றும் புதியதன்று. எல்லாம் சேர்த்து நமக்கு ஆன செலவு ரூ. 14,000. கண்ணின் விலை அதனினும் குறைவோ? வண்டியைத் திருப்பலாம் என்று எவரும் எண்ணவில்லை. மனிதனைப் படுக்கவைப்பதே எளிதாக இருந்தது. காரணம் அவ்வளவே.

வாசக அன்பர்களே, உங்கள் இல்லங்களிலும் இப்படி யாரேனும் ஒருவர் மல்லாந்து படுத்துக்கொண்டிருக்கலாம். குனிந்து குனிந்தே தரையில் சமைக்கும் அன்னையர், எட்டாத உயரத்துப் பரணில் ஏறி இறங்கும் முதியோர், கையுறையின்றிக் கழிவுக்குழாயில் கைவிடும் தொழிலாளர் ஆகியோரை நினைத்துப் பாருங்கள். வேலை இப்படித்தான் என்று அவர்களும் சொல்வார்கள், நாமும் நம்புவோம். வேலையைச் சற்றுத் திருப்பி வைக்க முடியுமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்டபின் செய்யும்போது, அவ்வேலையை அறிந்தவர் வரும்வரை பொறுத்திருங்கள். இரண்டாவதைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. அதைத் தவறவிட்டவர் நாம்.

வண்டி இன்னும் முடியவில்லை. அடித்தளத்தில் துருத்தடுப்புப் பூச்சு ஆயிற்று. பெட்டி இடுக்குகளின் துளைகள் இம்முறை திறந்தே இருக்கின்றன. வண்ணம் பூசவேண்டும், கதவு மாட்டவேண்டும், எஞ்சின் ஏறவேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த வண்டியாதலால், போக்குவரத்து அலுவலகத்தில் சோதனை முடித்துப் பதிவைப் புதுப்பித்தாலன்றிச் சாலையில் ஓட்ட இயலாது. பம்பாயில் 2003-இல் பதிவான கடைசிப் பத்மினி டாக்சியும் இருபதாண்டு வரம்பு எய்தி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டது. நம் வண்டி ஓடினாலும் எவ்வளவு தூரம் ஓடும் என்று நாம் கணக்கிடவில்லை. ஐயப்பன்தாங்கலிலிருந்து போரூர் ஏரிக்கரை வரை போய் வந்தால் போதும் என்கிறார் அன்னையார்.

ராட்டினத்தை நாம் திரும்பக் கேட்கவில்லை; அது பட்டறையிலேயே இருக்கிறது. சென்ற வாரம் அம்பாசடர் ஒன்று அதில் ஏறியிருந்தது. தம்பியின் கைத்தழும்பு வெளுத்துவிட்டது. விரல்கள் நன்றாக இயங்குகின்றன. முன்தாங்கியில் அவன் எழுதிய சிவப்பு எழுத்துகள் சற்று மங்கியிருந்தன. மேஸ்திரி தூரிகையை எடுத்துக் கொடுத்து, மறுபடி எழுதச் சொன்னார். இம்முறை எழுதச் சொன்னது அவனையன்று, நம்மை.